1948-இல் போட்ட கோடு

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை முடிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடுகளைக் கவனிப்பது என் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கும். சில குளிர்காலங்களுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு பெரியவர், ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கிய பிறகும் வாரக்கணக்கில் வார்டிலேயே இருந்தார். காலையில் காலுறை மாட்டிவிடவும் இரவில் மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் அவர் வீட்டுக்கு ஆள் வர வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டியது மருத்துவமனை அல்ல, உள்ளூர் கவுன்சில். அங்கிருந்து ஆள் வந்து, தேவையை மதிப்பிட்டு, அவருடைய சேமிப்பையும் கணக்குப் பார்த்து முடிப்பதற்குள் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மறுபடியும் நோயாளியாகிவிட்டார்.

1948-இல் தேசிய சுகாதாரச் சேவை மருத்துவத்தை எல்லோருக்கும் இலவசமாக்கியது. முதியோர் பராமரிப்போ அதே ஆண்டின் வேறொரு சட்டத்தின் கீழ், வசதியைப் பார்த்து உதவும் பொறுப்பாக, உள்ளாட்சியிடம் போனது. இன்றும் 23,250 பவுண்டுக்கு மேல் கையிருப்பு உள்ளவர் பராமரிப்புச் செலவைத் தாமே ஏற்க வேண்டும். 2010-லிருந்து அந்த வரம்பு அசையவே இல்லை.

அசைந்ததெல்லாம் மேல்மட்ட நிர்வாகம்தான். 1974-இல் சமூகச் செவிலியர்களும் பொதுச் சுகாதாரமும் உள்ளாட்சியிலிருந்து சுகாதார ஆணையங்களுக்கு வந்தன. 2013-இல் பொதுச் சுகாதாரம் மட்டும் உள்ளாட்சிக்கே திரும்பியது. நடுவில் 1991-இல், ஒரே சேவைக்குள் வாங்குபவர், விற்பவர் என்று பிரித்த உள்சந்தை. 2022-இல் 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள். 2025 மார்ச்சில், சேவையை நிர்வகிக்கும் தலைமை அமைப்பையே கலைப்பதாகப் பிரதமர் அறிவித்தார். ஒவ்வொரு முறையும் எங்களுக்குப் புதிய படிவம் வரும். கவுன்சிலுக்கு அனுப்பும் தாளின் தலைப்பு மாறும். அதைப் பெற்றுக்கொள்பவரின் மேசை மாறாது.

2022 மாற்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவமனையையும் கவுன்சிலையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது நல்ல காரியம். ஆனால் பணப்பையின் பெரும்பகுதி இன்னும் தனித்தனியாகவே இருக்கிறது.

கட்டணத்தை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? ஸ்காட்லாந்து 2002-லேயே 65 வயதைக் கடந்தவர்களுக்கு, குளிக்கவும் உடுத்தவும் உதவுவது போன்ற தனிநபர் பராமரிப்பை இலவசமாக்கியது. அங்கும் வீட்டுக்குப் போகத் தயாரானவர்கள் வார்டுகளில் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சட்டம் எதுவாக இருந்தாலும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் காரோட்டிப் போகும் நேரத்துக்குச் சம்பளம் தராத நிறுவனங்கள் உண்டு. எங்கள் பகுதியில் இந்த வேலைக்கு வந்த பெண்களில் பலர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே மணிக்கூலியும் கூடுதல், மழையில் அலையவும் வேண்டாம்.