கரண்ட் போன பிறகு படித்த பக்கம்

பாட்டுக் கேட்டுக்கொண்டே கதை எழுதுகிற பழக்கத்தால் போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கிலோ இறால் நஷ்டம்.

யாங்கோனில் எங்களுக்கு ஐந்தாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இந்த ஊரில் பழைய கட்டடங்கள் எல்லாவற்றிலும் இருப்பதுபோல எங்கள் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கீழே இருப்பவர் பையை மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், நாம் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். மீன்காரம்மா அன்றைக்கு ஐந்தாறு தடவை இழுத்திருக்கிறார். நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 1964க்குள் இருந்தேன். என் மனைவி கோயிலிலிருந்து திரும்பி வரும்போது பை பிய்ந்து கிடந்தது, பக்கத்தில் பூனை வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"எழுதுறதுக்குப் பாட்டு எதுக்குங்க? நான் சமைக்கும்போது கதையா படிக்கிறேன்?" என்றாள். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதுதான் கொஞ்சம் தெரிகிறது.

பகலில் எனக்கு உளுந்துக் கடையில் கணக்கு வேலை. இங்கே மத்பே என்று சொல்லும் அந்த உளுந்துதான் கப்பலேறிச் சென்னைக்குப் போய் உங்கள் வீட்டு இட்லியாகிறது. நாள் முழுக்க பர்மிய எண்களிலேயே கூட்டிக் கழித்துவிட்டு, ராத்திரி தமிழில் கதை எழுத உட்காருவேன். நான் பள்ளியில் படித்தது பர்மியம். தமிழ், கோயில் சாயங்கால வகுப்பில் வந்தது. அதனால் கடையிலிருந்து கதைக்குப் போக எனக்கு ஒரு பாலம் வேண்டியிருந்தது. பாட்டை அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஐந்து வருடமாக எழுதிக்கொண்டிருக்கும் குறுநாவல் என் சின்னப்பாட்டியைப் பற்றியது. 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே 17ஆம் தேதி ஐம்பது, நூறு சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அந்த வருடமே சின்னப்பாட்டி குடும்பம் கப்பலேறிப் போய்விட்டது. எங்கள் பாட்டி போகவில்லை. அதனால் நான் இங்கே இருக்கிறேன்.

அந்தக் காலத்துக்குள் நுழைய அந்தக் காலத்துப் பாட்டைக் கேட்பதுதானே நியாயம்? விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் வரிகள், சுசீலா குரல். அந்த இரட்டையர் பிரிந்தது 1965இல். சின்னப்பாட்டி கப்பலேறும்போது அவர்கள் சேர்ந்துதான் இருந்தார்கள். இதையெல்லாம் கணக்குப் பார்த்து, 1964க்கு மேல் ஒரு பாட்டுகூட வராமல் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். கணக்குப்பிள்ளை புத்தி.

வந்த வினை என்னவென்றால், என் கதையின் கப்பல் தளத்தில் எல்லாரும் கண்ணதாசன் மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வாழைத்தார் சுமந்த ஆள் வாழ்க்கைத் தத்துவம் சொல்கிறார். ஒரு பெண் அழும்போது எதுகை வருகிறது. சரி, தமிழ்ப் பாட்டு வேண்டாம் என்று பர்மியப் பாட்டுக்குப் போனேன். அதில் வேறு கோளாறு. இரண்டு மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும், அதனால் வாக்கியம் தடுமாறாது, சத்தமே இல்லாமல் வார்த்தை மாறிவிடும். ஓர் அத்தியாயம் முழுக்க குழந்தை தன் தாயை 'அமே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பர்மியத்தில் அம்மாவுக்கு அதுதான். மூன்று நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அந்தக் குழந்தை அப்படிக் கூப்பிட்டிருக்கவும் கூடும் என்பது வேறு விஷயம். ஆனால் அதை முடிவு செய்தது நான் அல்ல, பாடகர்.

புரியாத மொழியில் கேட்டால் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் அதற்கும் தடை போட்டாள். 1976இல் கோல், வெல்ஷ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்களாம். எழுத்துகளை வரிசையாக நினைவு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஜெர்மன் தெரியாதவர்கள் காதில் ஜெர்மன் வாசிப்பை ஓடவிட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் தப்புகள் கூடின. "2001இல ரான்ஸ்டெல், கில்ராய்னு ரெண்டு பேர் மாணவர்களைக் கட்டுரை எழுதவெச்சுப் பார்த்திருக்காங்கப்பா. பின்னாடி இசை ஓடினா எழுதுற வேகமே குறைஞ்சுதாம்," என்றாள். கட்டுரைதானே, கதை இல்லையே என்று சமாளித்தேன். அவள் சிரித்த சிரிப்பு நன்றாக இல்லை.

அப்புறம் வெறும் வாத்தியம். ராஜா 1986இல் பாடல் இல்லாமல் ஒரு தொகுப்பு வெளியிட்டாரே, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக, அதைத் தேயத் தேயக் கேட்டேன். பர்மிய பியானோவும் கேட்டேன். மேல்நாட்டுப் பெட்டிதான், ஆனால் இரண்டு கையும் மாறி மாறி ஒரே மெட்டைப் பின்னிக்கொண்டு போகும், பட்டலா என்கிற மூங்கில் கட்டை வாத்தியத்தை வாசிப்பதுபோல. அது பரவாயில்லை. சைங் வைங் என்கிற பர்மிய மேளக் கச்சேரி மட்டும் ஆகவே ஆகாது. கேட்டால் எழுந்துபோய்ப் பார்க்கத் தோன்றும்.

ஒருமுறை, கொரோனாவுக்கு முந்தி, பகோடா விழாவுக்காக எங்கள் தெருமுனையில் கொட்டகை போட்டிருந்தார்கள். கச்சேரி தொடங்கும் முன்னால் போய் நின்றேன். வட்டமான மர அடைப்பு, உள்ளே 21 மேளங்கள், நடுவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சோறும் சாம்பலும் சேர்த்துப் பிசைந்த ஓர் உருண்டை. அதில் கொஞ்சம் கிள்ளி மேளத்தின் நடுவில் அப்பி, தட்டிப் பார்த்தார். நகத்தால் ஒரு துளி வழித்தெடுத்தார். மறுபடி தட்டு. எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அவர் திருப்தியாகாமல் எடுத்ததில் பாதியைத் திரும்ப அப்பினார். நம் கோயிலில் மிருதங்கக்காரர் இடந்தலையில் ரவையைக் குழைத்து ஒட்டுவாரே, அதே வேலைதான், இவருக்கு இருபத்தொரு மடங்கு. ஒரு மணி நேரம் நின்றேன். அன்றைக்கு எழுதியது பூஜ்யம்.

விஷயத்துக்கு வருகிறேன். இப்போது இங்கே கரண்ட் முறை வைத்து வருகிறது, அந்த முறையும் சொன்னபடி வருவதில்லை. ஒரு நாள் ராத்திரி, துறைமுகச் சோதனையில் சின்னப்பாட்டி நகைகளைக் கழற்றிக் கொடுக்கும் இடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். காதில் சுசீலா. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நன்றாக நான் எழுதியதே இல்லை என்று நினைத்தேன். கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் போனும் அணைந்து பாட்டு நின்றது. மடிக்கணினியில் மட்டும் இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. கீழே ஏதோ கடையில் ஜெனரேட்டர் டுர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. எழுதிய பக்கத்தை அந்தச் சத்தத்தில் படித்தேன்.

ஒன்றுமே இல்லை. 'நெஞ்சு வெடித்தது', 'தாய்மண் கண்ணீரில் மங்கியது' என்று வரிசையாக நிற்கிறது. அழ வைத்ததெல்லாம் சுசீலா. பாட்டுக்கு வந்த கண்ணீரை என் பக்கத்துக்கு வரவு வைத்துக்கொண்டிருக்கிறேன். பகலில் யாராவது இப்படிக் கணக்கு எழுதினால் விடுவேனா? முந்தைய அத்தியாயங்களையும் அப்படியே படித்துப் பார்த்தேன். பாதிக்குப் பாதி இதே கதை. பாட்டு என் வார்த்தையைத் திருடியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எழுதாததை எழுதியதாக நம்ப வைத்ததுதான் எரிச்சல்.

ஜெனரேட்டர் சத்தத்திலேயே அந்த இடத்தைத் திரும்ப எழுதினேன். நெஞ்சு, மண், கண்ணீர் எல்லாம் போயிற்று. அம்மா சொன்னது ஒன்று ஞாபகம் வந்தது. மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்த பிறகு, துளை தூர்ந்துவிடக் கூடாது என்று சின்னப்பாட்டி ஈர்க்குச்சி ஒடித்துச் செருகிக்கொண்டாராம். அந்தத் துளையோடுதான் கப்பலேறினாராம். அதை மட்டும் எழுதினேன். நாலு வரி. அழுகை வரவில்லை, கை மட்டும் கொஞ்சம் நடுங்கியது.

அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. "மீ லா பீ!" என்று தெரு முழுக்கப் பிள்ளைகள் கத்தினார்கள். எதிர்வீட்டு டிவியும் மேல்மாடிப் பாட்டும் ஒன்றாகக் கிளம்பின. தண்ணீர் மோட்டார் போட எழுந்த மனைவி, போகிற போக்கில் திரையைக் குனிந்து படித்தாள்.

"ஈர்க்குச்சி ஏதுங்க? துறைமுகத்துல தென்னை இருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. துடைப்பத்திலிருந்து ஒடித்திருப்பாரோ? கப்பலேறப் போகிறவர்கள் துடைப்பமா கொண்டுபோவார்கள்? அம்மா இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அது உயிர் பெற்றதும் சுசீலாவை வைத்துக்கொண்டு, எழுதாமல், அந்தக் குச்சி எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும்.