மழை விடுமுறை
தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், மழை விடுமுறையை முடிவு செய்வது எளிதான காரியமன்று. அறிவிக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. ஆனால் பேச்சிப்பாறை மலையோரத்தில் மழை கொட்டித் தீர்க்கும் நாளில் குமரிக் கடற்கரையில் வெயில் அடிப்பதும் உண்டு. இன்றுபோல் விடியலில் மழை வலுத்தால், அறிவிப்பு வருவதற்குள் என் மகள் சீருடை அணிந்து சோற்றுப் பாத்திரத்தையும் பையில் வைத்துவிடுகிறாள் (பிறகு அவளுக்குக் கொண்டாட்டம்தான்). தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளோ பேருந்தில் பாதி வழியைக் கடந்திருப்பார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததைக் கண்ட நாங்கள் விடுமுறையைக் குறை கூற மாட்டோம். இயன்ற நாள்களில் முந்தைய இரவே, வட்ட வாரியாக அறிவித்தால் நல்லது. ஈடுசெய்யும் சனிக்கிழமை வகுப்புகளைப் பற்றி மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.