ஏதென்ஸ் நாட்குறிப்பு: ஸ்பனகோபீட்டா சுட்ட பத்து நாள்

பிப்ரவரி 22, 2025, சனி

சனிக்கிழமை எங்கள் தெருவில் லைக்கி, அதாவது வாரச் சந்தை. காலையில் கார்களை எல்லாம் எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் காய்கறிக் கடை போடுவார்கள். ஸ்பனகோபீட்டா (மெல்லிய மாவு ஏடுகளுக்கு நடுவே கீரையும் சீஸும் வைத்துச் சுடும் கிரேக்கப் பலகாரம்) சுடலாம் என்று ஒரு கிலோ பாலக் கீரை வாங்கினேன். நம் ஊரில் இதையும் பசலை என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் கொடிப்பசலையின் வழவழப்பு இதில் கிடையாது. குளிர்காலக் கீரை என்பதால் இலை தடித்து, அடித்தண்டு இளஞ்சிவப்பாக, வேர்ப்பக்கம் மண் ஒட்டியபடி இருந்தது. கூடவே வெங்காயத்தாளும் ஒரு கட்டு சதகுப்பைக் கீரையும். சதகுப்பை விதையை நாட்டு மருந்துக் கடையில் பார்த்திருக்கிறேன். இலையைக் கட்டுக் கட்டாகச் சமையலுக்கு வாங்குவதை இங்கே வந்துதான் பார்த்தேன்.

அப்புறம் 400 கிராம் ஃபெட்டா சீஸ். பீப்பாயில் முதிரவிட்டது, உப்புநீரோடு கட்டிக் கொடுத்தார் சீஸ்காரர். செம்மறிப் பால் குறைந்தது 70 சதவீதம், மீதி வெள்ளாட்டுப் பால், இரண்டு மாதமாவது முதிர வேண்டும். ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கத்துக்கே உரியது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் பதிவு செய்தது. அதை எதிர்த்த வழக்கும் 2005-இல் தோற்றது. பசும்பால் சீஸுக்கு ஃபெட்டா என்று பெயரிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்புவதை டென்மார்க் தடுக்கவில்லை என்று 2022-இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. ஒரு சீஸுக்காக இவ்வளவு போராடியிருக்கிறார்களே என்று எனக்கு மரியாதைதான் வருகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

முதல் ஸ்பனகோபீட்டா சரியாக வரவில்லை.

கடையில் வாங்கிய ஃபிலோ, அதாவது காகிதம்போல் மெல்லிய மாவு ஏடு, உறைந்து கிடந்தது. அவசரத்தில் அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்கினேன். பிரித்தால் மடிப்பு மடிப்பாக உடைந்தது. மிச்ச ஏடுகளும் நான் கீரை கிளறி முடிப்பதற்குள் காய்ந்து சருகாகிவிட்டன. கீரையைப் பொரியலுக்கு வதக்குவதுபோல் வதக்கி, உப்பும் போட்டு, அப்படியே கொட்டிப் பரப்பினேன். மேலே பொன்னிறமாகத்தான் இருந்தது. வெட்டியதும் அடியில் தண்ணீர். கீழ் ஏடுகள் ஊறிக் கஞ்சியாகிவிட்டன. உப்பும் கரித்தது.

பிப்ரவரி 24, திங்கள்

இன்றிலிருந்து சீஸ் வாரம். தவக்காலத்துக்கு முந்தைய வாரம் இது. இறைச்சியை நேற்றோடு நிறுத்திவிட்டார்கள், பாலும் சீஸும் முட்டையும் இந்த ஞாயிறு வரைக்கும் உண்டு. இப்படிப் பூரணம் வைத்துச் சுடும் பலகாரத்துக்குப் பொதுப்பெயர் பீட்டா. அதைச் சுட இதைவிட நல்ல வாரம் இல்லை.

எதிர்வீட்டு யாயாவுக்கு ஒரு துண்டு எடுத்துப் போனேன். யாயா என்றால் பாட்டி. அவர் எபிரஸ் மலைப்பக்கத்துக்காரர். கிரேக்கத்தில் பீட்டா என்றாலே எபிரஸ் என்பார்கள். துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். சாப்பிட்டே பார்க்கவில்லை. "நெரோ" என்றார். தண்ணீர். "சனிக்கிழமை வா, கொரீட்சி மு," என்றார். கொரீட்சி மு என்றால் "என் பெண்ணே". இரண்டு குளிர்காலமாக இந்த ஊரில் இருக்கிறேன், இங்கே யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

பிப்ரவரி 26, புதன்

சனி வரை பொறுக்க முடியவில்லை. ஃபிலோவை நேற்று இரவே ஃப்ரிட்ஜில் வைத்து இளகவிட்டேன். இன்று ஒரு ஏடுகூட உடையவில்லை. ஈரத்துணி போட்டு மூடி, ஒவ்வொன்றாக உருவினேன். கீழே ஆறு, மேலே ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஆலிவ் எண்ணெய். இந்த முறை அடிப்பகுதி முறுகியது. நடுவில் இன்னும் ஈரம் இருக்கிறது.

மார்ச் 1, சனி

யாயா வீட்டில் நான்கு மணி நேரம்.

கீரையை அவர் அடுப்பில் ஏற்றவே இல்லை. பொடியாக நறுக்கி, உப்பைத் தூவி, துணி துவைப்பதுபோல் கசக்கினார். பச்சைத் தண்ணீர் இறங்கியது. கைப்பிடி கைப்பிடியாக எடுத்துப் பிழிந்து வேறு பாத்திரத்தில் போட்டார். அண்டா நிறைய இருந்த கீரை ஒரு கிண்ணத்தில் அடங்கிவிட்டது. நான் பிழிந்து வைத்ததை வாங்கி மறுபடி பிழிந்தார். இன்னும் அரை டம்ளர் வந்தது! அதன்பிறகு வெங்காயத்தாள், சதகுப்பை, கையால் உதிர்த்த ஃபெட்டா, இரண்டு முட்டை. வேறு உப்பு கிடையாது, ஃபெட்டாவில் இருப்பதே போதும்.

மாவில் வெதுவெதுப்பான தண்ணீர், எண்ணெய், ஒரு ஸ்பூன் வினிகர். வினிகர் விட்டால் மாவு இழுத்த இழுப்புக்கு வரும். ஒரு மணி நேரம் மூடி வைத்தோம். ஃபிலோவைத் தேய்ப்பது என்று இவர்கள் சொல்வதில்லை, "திறப்பது" என்கிறார்கள். விரல் தடிமனில் நீளமான ஒரு கம்பு, அதற்குப் பெயர் வேர்கா. உருண்டையைக் கொஞ்சம் பரத்தி, சோள மாவு தூவி, கம்பில் சுற்றி, இரண்டு உள்ளங்கையையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டுகிறார். விரித்தால் பெரிதாகியிருக்கிறது. கால் சுற்று திருப்பி மறுபடி சுற்றுகிறார். கடைசியில் மேஜைத்துணியின் பூ வேலைப்பாடு மாவுக்கு அடியில் தெரிந்தது. என் ஏட்டில் மூன்று ஓட்டை விழுந்தது. "சிகா சிகா," மெல்ல மெல்ல என்றார். ஓட்டை விழுந்த ஏட்டை நடுவில் வைத்தால் யாருக்கும் தெரியாதாம்.

வட்டத் தட்டின் அடியில் ஏடு, அதன்மேல் ஒரு பிடி ரவை. மிச்சமிருக்கும் தண்ணீரை ரவை குடித்துவிடும். மேலேடுகளைச் சுடுவதற்கு முன்பே துண்டு கோடாகக் கீறினோம். நீராவிக்கு வழி வேண்டும். 180 டிகிரி, ஓவனின் அடித்தட்டில் ஒரு மணி நேரம். வெளியே எடுத்ததும் மூட விடவில்லை. மூடினால் அதன் ஆவியிலேயே நமத்துவிடும்.

அரை மணி கழித்து வெட்டினார். கத்தி இறங்கிய சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும். முதல் துண்டை எனக்குத்தான் கொடுத்தார், அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிட்டு.

மார்ச் 2, ஞாயிறு

சீஸ் வாரம் முடிந்தது. மிச்சமிருந்த பீட்டாவை யாயாவும் நாங்களும் சேர்ந்து சாப்பிட்டோம். எல்லாம் முடிந்ததும் அவர் ஒரு வேகவைத்த முட்டையை உரித்துத் தின்றார். முட்டையால் வாயை மூடுகிறேன், ஈஸ்டர் அன்று முட்டையால்தான் திறப்பேன் என்றார். இந்த வருஷ ஈஸ்டர் ஏப்ரல் 20.

மார்ச் 3, திங்கள்

சுத்தத் திங்கள். தவக்காலத்தின் முதல் நாள். மதியம் ஃபிலோபாப்பு குன்றில் பிள்ளைகளின் பட்டங்களைப் பார்த்துவிட்டு வந்தோம்.

காலையில் நானே தனியாக ஒரு நோன்பு ஸ்பனகோபீட்டா சுட்டேன். சீஸ் இல்லை, முட்டை இல்லை; கீரை, லீக் (தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும்), இரண்டு மடங்கு சதகுப்பை, கொஞ்சம் அரிசி. ஃபிலோவை நானே திறந்தேன், ஓட்டை ஒன்றுதான். யாயா துண்டைத் திருப்பிப் பார்த்தார். அடி காய்ந்திருந்தது. கடித்துவிட்டு, "அலாத்தி" என்றார். உப்பு. ஃபெட்டா இல்லை என்றால் அதன் உப்பும் இல்லை என்பதை யோசிக்கவில்லை. அரை ஸ்பூன் கூட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி சுட வேண்டும்.