துளி விட்டுச்சென்ற வளையம்

மெருகேற்றிய அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) ஒற்றைப் படிகத்தின் மீது, லேசர் துடிப்புகளின் உதவியால் அனார்த்தைட் என்ற கனிமத்தின் இயைபுள்ள கண்ணாடியைச் சுமார் 100 நானோமீட்டர் தடிமனுக்குப் படியவைத்துச் சூடாக்கிப் பார்ப்பதுதான் ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. அலுமினா செராமிக்கைச் சுடும்போது துகள்களுக்கு நடுவே ஊறும் திரவத்துக்கு இந்தக் கால்சியம் அலுமினோசிலிக்கேட் நெருங்கிய உறவு என்பதால்தான் அத்தனை பாடும்.

அனார்த்தைட்டின் உருகுநிலை ஏறத்தாழ 1,550 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே நெடுநேரம் வைத்திருந்தால் படலம் படிகமாகி, இருந்த இடத்திலேயே இறுகிவிடும். அதைத் தாண்டிவிட்டாலோ, தூசியோ கீறலோ உள்ள இடங்களில் முதலில் துளை விழுந்து, துளைகள் விரிந்து ஒன்றையொன்று முட்ட, எஞ்சிய திரவம் துளிகளாகத் திரண்டுகொள்ளும். தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்லத் தோன்றும்; ஆனால் இத்துளிகள் உருண்டு நிற்பதில்லை, தட்டையாகப் படிந்தே கிடக்கும்.

என் துளிகளுக்குள் படிகங்கள் தெரிந்தன. படலம் முதலில் படிகமானது, பிறகே பிளந்து துளிகளாயிற்று என்று குறிப்பேட்டில் எழுதி, சில வாரங்கள் அதற்காக வாதாடவும் செய்தேன். மூத்த சக ஊழியர் ஒருவர், "எப்படிக் குளிரவைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். உலையை அணைத்து, அது தானாக ஆறும்வரை மாதிரியை உள்ளேயே விட்டிருந்தேன். அடுத்த மாதிரியைச் சூட்டோடு வெளியே இழுத்துச் சட்டென்று ஆற்றியபோது, அதே போன்ற துளிகள் படிகமே இல்லாமல் தெளிந்த கண்ணாடியாக நின்றன. நான் வாதாடிய படிகங்கள் எல்லாம் உலை ஆறும்போது பிறந்தவை.

பிறகு, அமிலம் தோலில் பட்டால் பூசவேண்டிய கால்சியம் குளுக்கோனேட் களிம்பைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் கண்ணாடியைக் கரைத்தெடுத்தேன். அலுமினாவை அந்த அமிலம் அவ்வளவாகத் தொடுவதில்லை. நுண்ணிய ஊசிமுனையால் மேடுபள்ளத்தைத் தடவி அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு துளியின் விளிம்பும் இருந்த இடத்தில் மெல்லிய அலுமினா வரப்பு. திரவத்தின் விளிம்பு திடப்பரப்பை எந்தக் கோணத்தில் தொட்டு நிற்கும் என்பதற்கு ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் 1805இல் சொன்ன தொடுகோணச் சமநிலை, திடப்பொருள் அசையாது என்று கொண்டு கிடைமட்ட விசைகளை மட்டுமே ஈடுகட்டுகிறது. செங்குத்தாக மேலிழுக்கும் பங்கு கணக்கில் வராமலே நிற்கிறது. உலைச் சூட்டில் அலுமினா திரவத்தில் கரைந்து மீண்டும் படிவதால், அந்த இழுப்புக்கு இணங்கி விளிம்பில் மேடாகிறது.

சில இடங்களில் ஒரு வளையத்துக்குள் இன்னொரு சிறிய வளையமும் இருந்தது. துளி முதலில் அகன்று நின்று, பிறகு உள்வாங்கியதன் தடம் அது. முந்தைய மாதிரிகளின் படங்களைத் தேடியெடுத்துப் பார்த்தேன். அதே இரட்டை வளையங்களை வட்டமிட்டு, பக்கத்தில் "அமிலக் கறை" என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.