பிளகினுக்கு ஒரு வாசல், லைப்ரரிக்கு வேறு வாசல்

பழைய ஆண்ட்ராய்டு செயலி ஒன்றில் ஃபயர்பேஸ் மெசேஜிங்கை (கைபேசிக்கு அறிவிப்புகளை அனுப்பும் கூகுள் சேவை) சேர்க்க வேண்டியிருந்தது. புதிதாக எழுத வேண்டியவை இரண்டே வரிகள்: மெசேஜிங் லைப்ரரிக்கு ஒன்று, கூகுள் சர்வீசஸ் பிளகினுக்கு ஒன்று. இரண்டையும் ஆப் மாட்யூலின் பில்ட் கோப்பில், செயலிக்குத் தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் டிபென்டன்சிஸ் பகுதிக்குள் எழுதினேன். பிளகினுக்கு 'கிளாஸ்பாத்' என்று போட்டதும், அப்படியொரு மெத்தடே இல்லை என்று, செயலியை பில்ட் செய்து தரும் கருவியான கிரேடில் நின்றுவிட்டது. லைப்ரரிதான் இருக்கிறதே என்று பிளகின் வரியை நீக்கினேன். பில்ட் முடிந்தது. ஆனால் செயலியைத் திறந்த உடனே மூடிக்கொண்டது.

செயலியின் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டில், ஃபயர்பேஸ்ஆப் தொடங்கப்படவில்லை என்ற சிவப்பு வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சற்று மேலே, கூகுள் சர்வீசஸ் பிளகின் பயன்படுத்தப்படவில்லை போலும் என்று காரணமே எழுதியிருந்தது. அங்கேதான் விஷயம் பிடிபட்டது. லைப்ரரி செயலிக்குள் போய்ப் பயனரின் கைபேசியில் ஓடுகிறது. பிளகின் செயலிக்குள் போவதே இல்லை. பில்ட் நடக்கும்போது கிரேடிலுக்குள் ஓடி, கூகுள்-சர்வீசஸ்.ஜேசன் கோப்பைப் படித்து, அதிலுள்ள விவரங்களை ரிசோர்ஸ்களாக எழுதித் தருகிறது. அந்த வேலை நடக்காததால் லைப்ரரிக்குத் தன் செயலி எண்ணே தெரியவில்லை.

சரி, பிளகின் வரியைப் பிளகின்ஸ் பகுதிக்கே மாற்றலாம் என்று மேல்நிலை பில்ட் கோப்பில் ஐடி, பதிப்பு எண், 'அப்ளை ஃபால்ஸ்' (இந்தக் கோப்பில் இயக்காதே என்று பொருள்) மூன்றையும் எழுதினேன். ஆப் மாட்யூலில் ஐடி மட்டும். இப்போது பிளகினே கிடைக்கவில்லை என்றது கிரேடில். டிபென்டன்சிகளுக்காக கூகுள் ரெப்பாசிட்டரியை (கோப்புகளைப் பதிவிறக்கும் இணையக் கிடங்கு) முன்பே கொடுத்திருந்தேன். பிளகின்ஸ் பகுதி அதைப் பார்ப்பதில்லை. செட்டிங்ஸ் கோப்பின் தொடக்கத்திலேயே, வேறு எதற்கும் முன்பாக, பிளகின்மேனேஜ்மென்ட் பகுதியில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஏதாவது ரெப்பாசிட்டரியைக் குறிப்பிட்டால் பிளகின்களின் வழக்கமான கிடங்கான கிரேடில் பிளகின் போர்ட்டல் தானாக வராது, அதையும் சேர்த்தே எழுத வேண்டும். இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஃபயர்பேஸ் பாம் (BoM) என்ற பதிப்புப் பட்டியல் லைப்ரரிகளின் பதிப்புகளை மட்டுமே பார்த்துக்கொள்கிறது என்பதால், பிளகினின் எண்ணை நாமே எழுதியாக வேண்டும்.

மறுபடி பில்ட் செய்து, உருவாக்கப்பட்ட ரிசோர்ஸ்களுக்குள் வேல்யூஸ்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தேன். கூகுள்_ஆப்_ஐடி என்ற வரியில் என் செயலியின் எண் இருந்தது. செயலியும் மூடிக்கொள்ளாமல் திறந்தது.