பாலாற்றுக்கு ஒரு கட்டம்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துக்கென்றே ஒரு டார்டன் கட்டம், அதாவது ஸ்காட்லாந்துக் குலங்கள் தங்களுக்கென வைத்துக்கொள்ளும் மாதிரியான நிறக் கட்டம், இருக்கிறது. 1953-இல் ஒரு வேளாண் கண்காட்சிக்காக ஆடு மேய்ப்பவர் ஒருவரின் படத்தை உருவாக்கியபோது, அவர் இடுப்பில் உடுத்தியிருக்கும் கில்ட் என்ற ஸ்காட்லாந்துப் பாவாடைக்காக பெஸ்ஸி முர்ரே என்ற நெசவுக்காரர் போட்ட கட்டம் அது. ஏதாவது ஒரு குலத்தின் டார்டனைப் போட்டால் மற்ற குலத்தார் மனம் கோணும் என்று புதிதாகவே போட்டார். கடலுக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, பாறைக்கும் அலை நுரைக்கும் வெள்ளை, அரச சாசனத்துக்குத் தங்க நிறம், மாகாணச் சின்னத்துச் சிங்கத்துக்குச் சிவப்பு.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். லுங்கிக்குப் பேர்போன ஊர். தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு இந்த நிற விளக்கம் பாதிதான் என்று படுகிறது. டார்டனில் பாவு, அதாவது நீள இழை, எந்த வரிசையில், எத்தனை இழையில் போகிறதோ, குறுக்கே ஓடும் ஊடையும் பெரும்பாலும் அதே கணக்கில்தான் விழும். நீலப் பாவில் நீல ஊடை விழுந்தால் முழு நீலம். பச்சை ஊடை விழுந்தால் இரண்டும் பாதிப் பாதி. ஐந்து நிறம் எடுத்தால் பத்துக் கலப்பு தானாக வந்துவிடும். டார்டன் இரண்டு இழை மேலே, இரண்டு இழை கீழே என்று போவதால் அந்தக் கலப்பு சாய்வுக் கோடாகத் தெரியும். நம் லுங்கியில் ஒன்று மேலே ஒன்று கீழே, அதனால் பொடிப் புள்ளியாகத் தெரியும். கருப்புப் பாவில் மஞ்சள் ஊடை ஓடினால், சற்றுத் தள்ளி நின்று பாருங்கள், பாசி படிந்த பச்சை மாதிரி இருக்கும். அதனால்தான் அப்பா நூல் கட்டை வைத்து நிறம் முடிவு செய்யவே மாட்டார். ஒரு சாண் நெய்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

சரி, நம் வட ஆற்காட்டுக்கு ஒரு கட்டம் போட்டால்? 1989-லும் 2019-லும் மாவட்டத்தைப் பிரித்துவிட்டார்கள், ஆனாலும் ஒரே துணியில் சேர்க்கலாம். அகலமாகப் பாலாற்று மணல் நிறம். வேலூர்க் கோட்டைக் கருங்கல்லுக்குச் சாம்பல். ஜவ்வாது மலைக்குப் பச்சை. 1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய் எழுச்சிக்கு மெல்லிய சிவப்பு. அன்று எழுந்த சிப்பாய்களும் வெள்ளைக்காரப் படையும் அணிந்தது சிவப்புச் சட்டைதான், இரு பக்கத்து ரத்தத்துக்கும் அந்த ஒரே கோடு போதும். அப்புறம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோலுக்குப் பழுப்பு.

அந்தப் பழுப்பில்தான் எனக்குக் கை நிற்கிறது. வெறும் பட்டைத் துணியாக இருந்தால் தோலை ஓர் ஓரத்திலும் ஆற்றை இன்னோர் ஓரத்திலும் வைத்துவிடலாம். கட்டத்தில் அது நடக்காது. வரிசையை எப்படி மாற்றினாலும் ஒவ்வொரு நிறமும் மற்ற எல்லா நிறத்தையும் எங்காவது கடந்தே ஆக வேண்டும். பழுப்பு ஊடை மணல் பாவில் விழும் இடத்தில் ஒரு கலங்கல் நிறம் வரும். தோல் கழிவு பாலாற்றில் கலந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. அதே தோல் வேலையில் கூலி வாங்கித்தான் எங்கள் பக்கம் எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் படித்தார்கள். பழுப்பை எடுத்துவிட்டால் அவர்களைத் துணியிலிருந்து எடுத்ததாகிவிடும். அதனால் எடுக்க மாட்டேன்.

இப்போதைக்கு மணல் 48 இழை, பழுப்பு 12 என்று எழுதி வைத்திருக்கிறேன். சிவப்பு 2. சாம்பலும் பச்சையும் இன்னும் முடிவாகவில்லை. குடியாத்தத்தில் தறி வைத்திருப்பவர்கள் யாராவது ஒரு முழம் நெய்து பார்க்க முன்வந்தால், நூலுக்கு நான் பொறுப்பு.