சீட்டுக் காசும் கோயில் கூரையும்

வைகாசியில் வரும் குளிர்த்தித் திருவிழாவுக்கு முன்பு கண்ணகி அம்மன் கோயில் மடைப்பள்ளிக்குக் கூரை போட்டாக வேண்டும். 1978 சூறாவளிக்குப் பிறகு போட்ட தகரம் சல்லடையாகிவிட்டது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், ஒவ்வொரு குடிக்கும் (ஒரே வழிவந்த குடும்பங்கள்) இவ்வளவு என்று செலவைப் பிரித்துவிட்டார். மட்டக்களப்பில் குடி தாய்வழி. ஆகவே அது என் குடியின் பங்கு, கணவருடையதல்ல. வெளிநாட்டு உறவுகள் கூரையின் படம் கேட்டார்கள். காசு இன்னும் வரவில்லை. (சொல்லத்தான் வேண்டும்!)

ஓட்டோவுக்கு முற்பணமாகச் சேர்த்த சீட்டுக் காசை என்னைக் கேட்காமலே என் கணவர் கூரைக்குக் கொடுத்துவிட்டார். "பால்மாவுக்கும் அம்மனிடமா போவது?" என்று சண்டை பிடித்தேன். மறுநாள் குறைந்த தொகைக்கு என் காப்பை நானே அடகு வைத்தேன். பாதிக் கூரையின் கீழ் அம்மனுக்குப் பொங்க எனக்கு மனம் வராது.

வாடகை ஓட்டோ இன்னும் ஒரு வருடம் ஓடும். பற்றுச்சீட்டில் என் பெயரைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன்.